பார்த்துக் கீறிய பையன்



கொஞ்சம் நீண்ட பதிவு. வேலையெல்லாம் முடிந்து ஆறுதலாக இருக்கிற நேரத்தில் வாசியுங்கள்.

எழுவான்கரையிலிருந்து பட்டிருப்புப் பாலத்தால் வாவியைக் கடந்து, வெல்லாவெளிப் பக்கம் படிப்பிக்கப் போகிற முஸ்லிம் ஆசிரியர்கள் சிலர் நாங்கள். விடியக் காலையில் பாலத்தில் ஏறும்போது எங்கட முதுகுப் பக்கம் வெயில் ஏறும். முன்னுக்குப் படுவான்கரை வயல் பச்சையாகக் கிடக்கும். பல வருசமாக இந்தப் பாதைதான். அதனால் அங்குள்ள பிள்ளைகள் எங்களுக்கு வேறு ஊர்ப் பிள்ளைகள் மாதிரித் தெரிவதில்லை. அவர்களுக்கு நாங்கள் எப்படித் தெரிகிறோம் என்பதைத்தான் அண்மையில் ஒரு நாள் அறிந்துகொண்டோம்.

தரம் 8 வகுப்பு. சித்திர ஆசிரியர் அன்று லீவு. வரலாறு படிப்பிக்கிற எங்களை அந்தப் பாடவேளைக்கு அனுப்பினார்கள். ஒரு பையன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தான். கிட்டப் போனோம். ஒரு கடைக் கலண்டரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துக் கீறியிருந்தான். முக்காட்டின் மடிப்பெல்லாம் பென்சிலால் நன்றாக வந்திருந்தது. நாங்கள் ஒன்றும் சொல்வதற்கு முன்னமே பக்கத்து வாங்கிலிருந்து இரண்டு குரல் வந்தது.

"சேர், அது பார்த்துக் கீறினது. சொந்தமாக் கீறல்ல."

"டேய், மூடுடா. சேர் முஸ்லிம். அவருக்கு இதெல்லாம் காட்டக் கூடாது."

பையன் கொப்பியை மூடிவிட்டான்.

முதலாவது சொல்லுக்கு வகுப்பிலேயே பதில் சொல்லலாம். இரண்டாவது சொல்தான் நெஞ்சில் தைத்தது. அந்தப் பிள்ளை எங்களை அவமதிக்கவில்லை. மரியாதையாகத்தான் சொன்னான். எங்கட மனம் நோகக் கூடாது என்றுதான் மூடச் சொன்னான். ஒரு பிள்ளை தன் கையால் செய்த நல்ல காரியத்தை எங்களைக் கண்டு மறைக்கிற நிலைமை எப்படி வந்தது? இரவெல்லாம் அதைத்தான் யோசித்தோம். அடுத்த நாள் அந்த வகுப்புக்குப் போய், 400 வருசத்துக்கு முந்திய ஒரு முஸ்லிம் பையனின் கதையைச் சொன்னோம். அதைப் பெரியவர்களுக்கும் சொல்ல வேண்டும் போல் இருந்ததால் இங்கே எழுதுகிறோம்.

கதை ஜேர்மனியில் தொடங்குகிறது. நூரம்பேர்க் நகரில் 1471ஆம் ஆண்டு ஒரு தட்டாரின் மகனாகப் பிறந்தவர் அல்பிரெக்ட் டியூரர். ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தின் பெரிய உஸ்தாத்களில் ஒருவர். 1484இல், 13 வயதில், கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தைத் தானே கீறினார். அந்தத் தாள் இன்றைக்கும் வியன்னாவில் பத்திரமாக இருக்கிறது. பிறகு 20 வயதைத் தாண்டிய நேரத்தில், மாந்தேஞ்ஞா என்ற இத்தாலிய ஓவியரின் அச்சுப்படங்களை வைத்து, கோட்டுக்குக் கோடு பார்த்துக் கீறிப் பழகினார். அந்தப் பிரதிகளும் இருக்கின்றன. அவற்றைக் கீறியதற்காக யாரும் அவரைக் கொப்பி அடித்தவர் என்று சொல்லவில்லை. உஸ்தாதின் கை போன வழியில் தன் கையை விட்டுப் பார்ப்பதுதான் அந்தக் காலத்தில் படிப்பு. எங்கட ஊர்களில் தச்சு வேலையும் தறி வேலையும் அப்படித்தானே பழக்கப்பட்டன. ஓதப் பழகும்போது லெப்பை ஓதிக்காட்ட, பின்னால் நாங்கள் ஓதியதும் அதுதானே.

டியூரரின் பெயரை உலகமெல்லாம் கொண்டுபோனவை அவருடைய அச்சுப்படங்கள். செப்புத் தகட்டில் கூரான உளியால் கோடு வெட்டுவார்கள். வெட்டிய கோட்டுக்குள் மையைத் தேய்ப்பார்கள். மேலே நனைத்த தாளை வைத்து உருளையில் அழுத்தினால் படம் தாளில் வந்துவிடும். ஒரு தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கான தாள் எடுக்கலாம். சுவரில் தீட்டிய ஓவியத்தைக் கப்பலில் ஏற்ற முடியாது. இந்தத் தாளை ஒரு கிதாபுக்குள் மடித்து வைத்தே கடல் கடக்கலாம். ஈஸா நபியின் கடைசி நாட்களைப் பற்றிய கிறிஸ்தவர்களின் வரலாற்றை டியூரர் இப்படிச் சின்னச் சின்ன செப்புத் தகடுகளில் வெட்டினார். ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுதான். அதில் 1511ஆம் ஆண்டுத் தகட்டில் சிலுவைக் காட்சி இருக்கிறது. சிலுவையின் ஒரு பக்கம் மர்யம் அம்மையார். மறுபக்கம் யோவான் என்ற இளம் சீடர், கைகளைக் கோத்துக்கொண்டு துக்கத்தில் நிற்கிறார்.

இந்தத் தாள்கள் எங்கட பக்கம் வந்தது போர்த்துக்கேயரின் கப்பலில். 1510இல் கோவாவைப் பிடித்தவர்கள் அவர்கள். 1579இல் பேரரசர் அக்பர் கோவாவுக்குச் செய்தி அனுப்பி, உங்கட மார்க்கத்தைப் படித்தவர்களையும் உங்கட வேதத்தையும் அனுப்புங்கள் என்று கேட்டார். 1580இல் மூன்று இயேசு சபைத் துறவிகள் பத்தேபூர் சிக்ரிக்கு வந்து சேர்ந்தார்கள். தலைவர் ருடோல்போ அக்குவாவிவா. கூட வந்தவர் அன்டோனியோ மொன்செராட்டே. மூன்றாமவர் பிரான்சிஸ்கோ ஹென்ரிக்கேஸ், பாரசீக மொழி தெரிந்தவர். அன்ட்வேர்ப் நகரில் பல மொழிகளில் அச்சான 8 பாகப் பைபிளை அவர்கள் அக்பருக்குக் கொடுத்தார்கள். உரோமையின் சாந்தா மரியா மஜ்ஜோரே ஆலயத்திலுள்ள மாதா படத்தின் ஒரு பிரதியும் அவர்களோடு வந்தது. கவனியுங்கள், அதுவும் பார்த்துக் கீறியதுதான். அக்பர் தன் ஓவியர்களை அந்தப் படங்களைப் பார்க்க வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்தது ஆச்சரியமானது. அரண்மனை ஓவியர்கள் ஐரோப்பிய உஸ்தாத்களைப் பார்த்துக் கீறத் தொடங்கினார்கள். கேசு தாஸ் என்ற இந்து ஓவியர் அதில் முன்னோடி. மைக்கலாஞ்சலோ உரோமையில் சிஸ்டைன் ஆலயக் கூரையில் தீட்டிய ஒரு உருவத்தின் அமைப்பை, மாரியோ கார்த்தாரோ என்பவர் 1564இல் அச்சுப்படத்தில் புனித ஜெரோம் ஆக்கினார். அந்தத் தாளைப் பார்த்துக் கேசு தாஸ் வண்ணத்தில் தீட்டினார். அது இன்று பாரிசில் கிமே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உரோமைக் கூரையில் தொடங்கிய உருவம், ஒரு முஸ்லிம் அரசரின் நிழலில், ஒரு இந்துவின் கையால், ஒரு கிறிஸ்தவப் பெரியாராக வந்து நின்றது.

1602இல் ஆக்ராவில் துறவிகள் தங்கள் ஆலயத்தில் இன்னொரு மாதா படத்தின் பிரதியை மக்கள் பார்வைக்கு வைத்தபோது, முஸ்லிம்களும் இந்துக்களும் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள்.

இப்போது எங்கட பையனுக்கு வருவோம். ஹெராத்தைச் சேர்ந்தவர் ஆகா ரிஸா என்ற ஓவியர். அவர் ஈரான் பக்கமிருந்து வந்து, அக்பரின் மகன் இளவரசர் ஸலீமிடம் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு ஜஹாங்கீர் என்ற பெயரில் அரசாண்டவர்தான் இந்த ஸலீம். ஆகா ரிஸாவின் மகன் அபுல் ஹஸன், இளவரசரின் வீட்டு நிழலிலேயே பிறந்து வளர்ந்தவன். ஆகா ரிஸாவிடம் பெண் பிள்ளைகளும் பழகினார்கள். மீர் தகியின் மகள் நாதிரா பானு, தான் ஆகா ரிஸாவின் மாணவி என்று எழுதிக் கையொப்பமிட்ட பிரதி இன்றும் இருக்கிறது. பெண் பிள்ளைக்குச் சித்திரம் எதற்கு என்று கேட்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஹிஜ்ரி 1009, அதாவது 1600ஆம் ஆண்டளவில், டியூரரின் அந்தச் சிலுவைத் தாள் அபுல் ஹஸனின் கைக்குக் கிடைத்தது. டியூரர் மறைந்து 70 வருசத்துக்கு மேல். பையனுக்கு 13 வயது. எங்கட தரம் 8 பிள்ளையின் வயது. அவன் உட்கார்ந்து பார்த்துக் கீறினான். தாளில் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் தன் வயதையும் ஆண்டையும் எழுதி வைத்தான். அந்தத் தாள் இன்று இங்கிலாந்தில், ஒக்ஸ்போர்ட் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவன் என்ன கீறினான் என்பதுதான் முக்கியம். முழுப் படத்தையும் கீறவில்லை. சிலுவை இல்லை. அதிலிருக்கும் உருவம் இல்லை. துக்கத்தோடு நிற்கிற யோவானை மட்டும் தனியாக எடுத்துக் கீறினான். கோத்த கை, நிமிர்ந்த முகம், காலடி வரை விழுகிற மேலாடை. செப்பில் உளியால் வெட்டிய கோட்டை, மெல்லிய தூரிகைக் கோடாக மாற்றினான். துணியின் மடிப்பில் எங்கே இருட்டு, எங்கே வெளிச்சம் என்று உஸ்தாதிடம் பாடம் கேட்ட மாதிரி இருக்கும்.

ஏன் யோவானை மட்டும் எடுத்தான்? காரணத்தை அவன் எழுதி வைக்கவில்லை. நாமும் அவன் வாயில் சொல்லைப் போட வேண்டாம். ஆனால் அந்தத் தாளைப் பார்க்கிற ஒரு முஸ்லிமுக்கு ஒன்று தோன்றாமல் இராது. ஈஸா நபி சிலுவையில் அறையப்படவில்லை என்பது நமது நம்பிக்கை. குர்ஆன் சொல்வது அது. அந்த இடத்தில் நமக்கும் கிறிஸ்தவ மக்களுக்கும் வழி பிரிகிறது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் தன் அன்புக்குரியவரை இழந்தவன் நின்று அழுகிறானே, அவனுடைய துக்கம் நமக்கு விளங்காததா? அதைப் பார்த்துக் கீற ஒரு முஸ்லிம் பிள்ளைக்குக் கை வராதா? வந்திருக்கிறது. 400 வருசத்துக்கு முன்னமே வந்திருக்கிறது.

உருவம் கீறலாமா கூடாதா என்ற கேள்வியை சிலர் கேட்பீர்கள். ஃபத்வா சொல்ல நாங்கள் ஆலிம்கள் இல்லை. அதில் உலமாக்களிடையே நெடுங்காலக் கருத்து வேறுபாடு இருக்கிறது. தெரிந்தவர்களிடம் கேளுங்கள். நாங்கள் சொல்வது வரலாறு. முகலாய முஸ்லிம் அரசர்களின் சபையில் இது நடந்தது. மர்யம் அம்மையாரின் பெயரில் குர்ஆனில் 19ஆவது ஸூரா இருக்கிறது. மாதா படத்தைக் கண்டு ஆக்ரா முஸ்லிம்கள் கூடிப் போனதில் அதற்கும் பங்கு உண்டு. யாரோ ஒரு அந்நியப் பெண்ணை அவர்கள் பார்க்கப் போகவில்லை.

பார்த்துக் கீறிய பையன் பிறகு என்ன ஆனான் என்று கேட்பீர்கள். ஸலீம் ஜஹாங்கீராக அரியணை ஏறினார். 1618இல் அபுல் ஹஸனுக்கு 'நாதிருஸ் ஸமான்', அதாவது காலத்தின் அதிசயம், என்ற பட்டத்தைக் கொடுத்தார். தன் நினைவுக் குறிப்பில் தகப்பனின் வேலை மகனின் வேலைக்குக் கிட்டவும் வராது என்ற கருத்தை எழுதினார். 13 வயதில் அடுத்தவரைப் பார்த்துக் கீறியவன், 30 வயதில் அடுத்தவர்கள் பார்த்துக் கீறுகிற உஸ்தாத் ஆனான்.

இதெல்லாம் டில்லி, ஆக்ரா கதை, எங்களுக்கென்ன என்று நினைக்க வேண்டாம். எங்கட நாட்டிலும் இது நடந்தது. அதுவும் அக்பருக்கு முன்னமே. கோட்டை இராச்சியத்தின் தந்த வேலைக்காரர்கள் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யானைத் தந்தத்தில் பேழைகள் செதுக்கினார்கள். புவனேகபாகு மன்னர் தன் பேரன் தர்மபாலனின் உரிமையை உறுதிப்படுத்த லிஸ்பனுக்குத் தூது அனுப்பிய காலம் அது. அந்தப் பேழைகளில் ஒன்றில் டியூரரின் 1514ஆம் ஆண்டு அச்சுப்படத்திலுள்ள பைக்குழல் ஊதுகிறவன் அப்படியே இருக்கிறான். லண்டன் விக்டோரியா அன்ட் அல்பர்ட் அருங்காட்சியகத்திலுள்ள றொபின்சன் பேழையில், பாரிசில் அச்சான கிறிஸ்தவ வழிபாட்டு நூலின் காட்சிகள் இருக்கின்றன. அதே தந்தத்தில் எங்கட நாட்டுக் கொடியும் பூவும் சுற்றிப் படர்கின்றன. செதுக்கிய கைகளின் பெயரை யாரும் பதியவில்லை. அபுல் ஹஸன் தன் பெயரை எழுதி வைத்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போதுதான் விளங்கும்.

இதில் இனிப்பு மட்டும் இல்லை. அந்தத் தாள்களை ஏற்றி வந்த அதே கப்பலில் பீரங்கியும் வந்தது. போர்த்துக்கேயர் கோயில்களை இடித்தார்கள். முஸ்லிம்களைக் கரையோரத்திலிருந்து துரத்தினார்கள். 1626இல் துரத்தப்பட்ட முஸ்லிம்களில் ஒரு தொகையினரைக் கண்டி மன்னர் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினார் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. 1628இல் போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் கோட்டை கட்டினார்கள். 1638இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. ஆகவே அந்த மார்க்கத்தின் பெயரால் எங்கட முன்னோர் அடிபட்டதும் உண்மை. அந்த மார்க்கத்தின் படத்தை எங்கட மார்க்கத்துப் பையன் ஆசையோடு கீறியதும் உண்மை. இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் அது வரலாறு இல்லை, வஞ்சகம்.

இவ்வளவும் எழுதியது ஒரு இடத்துக்கு வருவதற்காகத்தான். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு வகுப்புக்கு வந்த சின்னப் பிள்ளைகளும் மரணித்தார்கள். செய்தவர்கள் எங்கட மார்க்கத்தின் பெயரைச் சொல்லிச் செய்தார்கள். அதற்குப் பிறகு நாங்கள் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்த ஒவ்வொரு நாளும் ஞாபகம் இருக்கிறது. யாருடைய முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் போனோம். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் பாரமாக இருந்தது.

இந்த வாவியின் இரு கரையிலும் அதற்கு முன்னமே துக்கம் இருந்தது. 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைக் கொன்றார்கள். அதே வருசம் சத்துருக்கொண்டானில் தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். ஒவ்வொரு கரையும் தன் துக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த கரையில் கைகோத்து நின்று அழுகிறவனைப் பார்க்க எங்களுக்குப் பயிற்சி இல்லை.

அபுல் ஹஸனின் தாள் எங்களுக்கு அந்தப் பயிற்சியாகத்தான் தெரிகிறது. அவன் யோவானாக மாறவில்லை. தன் மார்க்கத்தை விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அந்த விரல்கள் எப்படிக் கோத்திருக்கின்றன, அந்த முகம் எப்படி நிமிர்ந்திருக்கிறது என்று கவனமாகப் பார்த்தான். பிழையில்லாமல் கீற வேண்டும் என்றால் அவ்வளவு பார்க்க வேண்டும். வெறுப்போடு ஒருவனை அவ்வளவு நேரம் பார்க்க ஏலாது.

அடுத்த நாள் வகுப்பில் இதைத்தான் பிள்ளைகளின் பாசையில் சொன்னோம். 2019ஐப் பற்றி நாங்கள் எடுக்கவில்லை. பிள்ளைகளும் எடுக்கவில்லை. ஆனால் வகுப்பு அமைதியாகக் கேட்டது. போனில் இருந்த படத்தைச் சுற்றிவரக் காட்டினோம். "மூடுடா" என்று சொன்ன பையன்தான் அதிக நேரம் போனை வைத்திருந்தான். பிறகு கேட்டான்:

"சேர், அந்தப் பொடியன் முஸ்லிமா? உண்மையாவா?"

"உண்மையாகத்தான்."

கீறிய பையன் கேட்டது வேறு. "சேர், அவன் பிறகு சொந்தமாக் கீறினவனா?"

"கீறினான். அதைப் பார்த்து மற்றவர்கள் கீறினார்கள்."

அவன் கொப்பியைத் திறந்து அந்தப் பக்கத்தை எங்கட பக்கம் திருப்பி வைத்தான். நன்றாக இருந்தது. ஒரு கையின் விரல்கள் மட்டும் சரியாக வரவில்லை. திரும்பப் பார்த்துக் கீறு என்றோம். அபுல் ஹஸன் மாதிரிப் பெயரும் வயதும் திகதியும் எழுதி வை என்றோம். அவன் மூன்றையும் எழுதினான். கொஞ்சம் யோசித்து, கீழே இன்னொரு வரியும் சேர்த்தான்: 'பார்த்துக் கீறியது'. வெட்கப்பட்டு எழுதிய மாதிரி இல்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை எதையாவது பார்த்துக் கீறினால், கொப்பி அடித்தது என்று சொல்லாதீர்கள். அடுத்த மார்க்கத்துப் படமாக இருந்தால், கிழிக்கவும் வேண்டாம், மறைக்கச் சொல்லவும் வேண்டாம். நமது நம்பிக்கை எது, அவர்களின் நம்பிக்கை எது என்று பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்துங்கள். இதை எழுவான்கரையில் இருக்கிற எங்கட வீடுகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம். எங்கட பிள்ளைகளும் அக்கரைப் பிள்ளைகளைக் கண்டு கொப்பியை மூடுகிறார்களா என்று பாருங்கள்.

வல்ல நாயன் இந்த வாவியின் இரு கரையிலுமுள்ள பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.